உங்களுக்கு இல்லாததா!

கதவு நான்கு விரல் பெரிதாக இருந்தது.

“நல்லாப் பாருங்க மேஸ்திரி, ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சா நுழையுமா?” என்று கேட்டார் பல் டாக்டர்.

“கதவுங்க சார் இது. சாய்ஞ்சு நுழையறதுக்குப் பூனையா?” என்றார் மேஸ்திரி.

டாக்டர் கதவைச் சுற்றி வந்தார். சட்டைப் பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்து நிலைக்குப் பின்னால் நீட்டிப் பார்த்தார். கல்லையும் மரத்தையும் அவர் இப்படிச் சோதிப்பதை இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து மேஸ்திரிக்குப் பழகிவிட்டது. முதல் நாள் மட்டும்தான் சிரித்தார்.

“ரெண்டே வழிதான் சார். ஒண்ணு, கதவை அறுத்துச் சின்னதாக்கணும். இல்லேன்னா சுவரை இடிச்சுப் பெருசாக்கணும்.”

“இந்த மாதிரி மரத்தை அறுக்கறதா? மனசு வருமா மேஸ்திரி? நல்ல பல்லை ராவறவன் டாக்டரே இல்லை. ஈறை வெட்டுங்க!”

“ஈறா?”

“சுவரைச் சொன்னேன்யா. இடிங்க!”

மேஸ்திரி கடப்பாரையை எடுத்தார். டாக்டருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதர் வெயிலில் நின்றுகொண்டு கைதட்டுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நிலைமை அவருக்குத்தான் தெரியும். இன்னும் மூன்றே வாரம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் வருகிறார்கள். அன்றைக்குள் இது வீடாகிவிட்டால் குடும்பம் பிழைத்தது. இல்லாவிட்டால் இடத்தை விற்றுவிடுவார்கள், அதோடு சரி, அக்காவும் தம்பியும் இந்த ஜென்மத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போவதில்லை.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. போன கையோடு அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. எதற்கு? அப்பாவின் சுவர்க் கடிகாரத்துக்கு! ஓடாத கடிகாரம். “மூத்தவ நான், எனக்குத்தான்” என்று அக்கா எடுத்துக்கொண்டு போனாள். “கடைசிவரைக்கும் சாவி குடுத்தவன் நான்” என்று தம்பி முறுக்கிக்கொண்டான். குடும்பத்தில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டவர் நம்ம டாக்டர். இவள் சொன்னதை அவனிடம், அவன் சொன்னதை இவளிடம், காரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

மூன்று பேருக்கும் பொதுவாக மிச்சமிருந்தது, வயல்களுக்கு நடுவில் அப்பா எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு பழைய கல் கிடங்கு. அப்பா மட்டும் ட்ராக்டரில் போய் வருவார். பிள்ளைகள் ஒருவர்கூட அதை எட்டிப் பார்த்ததில்லை. “வித்துடலாம்” என்றாள் அக்கா. “வித்துடலாம்” என்றான் சின்னவன். ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

டாக்டர் குறுக்கே விழுந்தார். “மூணு மாசம் குடுங்க. அதை நம்ம எல்லாரும் லீவுக்கு வந்து தங்கற வீடா மாத்திக் காட்டறேன். பிடிக்கலேன்னா அப்புறம் வித்துக்கலாம்.”

“நீ தொடங்கினதுல எதைடா முடிச்சிருக்கே?” என்றாள் அக்கா. “நீச்சல் கத்துக்கறேன்னு போயி மிதக்கறதோட நிறுத்தினவன்தானே நீ? சரி, பண்ணு. ஆனா ஒண்ணு. பழைய சாமானை வெச்சுத்தான் கட்டணும். புதுசா ஒரு ஆணி வாங்கினாக்கூட அன்னிக்கே பேச்சு முடிஞ்சுது.”

“ஆணிகூட வாங்கமாட்டேன்கா!”

பத்திரம் அக்காவின் பீரோவில் இருந்தது. ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் அப்பா எழுதி வைத்திருந்த அடையாளத்தை மட்டும் போனில் வாசித்தாள்: “பாதையில் வரும்போது இடது கைப் பக்கம்.” டாக்டர் அடுத்த நாளே மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு, போன வருஷம் திறந்த புதுப் பாலத்து வழியாகப் பறந்தார்.

மண் பாதையின் இரண்டு பக்கமும், அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இரண்டு கல் கட்டடங்கள் எதிரும் புதிருமாக நின்றன. வலது பக்கத்தது முழுசாக, கம்பீரமாக, தேக்குக் கதவோடு இருந்தது. இடது பக்கத்ததற்கு ஒரு மூலையே இல்லை. யாரோ முட்டித் தள்ளினதுபோல அந்த இடத்தில் பெரிய ஓட்டை. கதவும் இல்லை, ஓடும் பாதி இல்லை.

“இடிஞ்சு கெடக்கறதுதான் நம்மளுது” என்று பெருமூச்சு விட்டார் டாக்டர். “நமக்கு எந்தக் காலத்துல முழுசா ஒண்ணு கெடைச்சிருக்கு?”

அப்போதுதான் முட்டைக்காரம்மா வந்தாள். பக்கத்தில் கோழி வளர்த்து முட்டை விற்கிற அம்மா. மொபெட்டில் பின்னால் முட்டைத் தட்டுகளை உயரமாகக் கட்டிக்கொண்டு, குழி குழியாகக் கிடந்த பாதையில் ஒரு முட்டைகூட உடையாமல் வந்து நின்றாள்.

“நீங்க அந்த ட்ராக்டர்காரரு மகனா?”

“ஆமாம்மா. பல் டாக்டர்.”

“அப்பாடா! வந்துட்டீங்களா! என் புள்ளைங்க வருவாங்கன்னு உங்க அப்பா அடிச்சுச் சொன்னாரு. நான்தான் நம்பலை. ஆமா, நீங்க ஒருத்தர்தானா? மத்த ரெண்டு பேரு?”

அப்பா இப்படியெல்லாம் நம்பிக்கை வைத்திருந்தார் என்று டாக்டருக்குத் தெரியவே தெரியாது. “அவங்களும் வருவாங்கம்மா. இதைச் சரிபண்ணத்தான் வந்திருக்கேன். நீங்க உங்க வீடா நெனச்சு என்ன யோசனை வேணும்னாலும் தயங்காமச் சொல்லுங்க.”

“அதுல என்ன சந்தேகம்? சொல்லத்தான் போறேன்” என்றாள் முட்டைக்காரம்மா.

டாக்டர் மெதுவாக எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். “பழைய சாமானை வெச்சுத்தான் கட்டணும்னு ஒரு கட்டாயம். அதோ, அந்தக் கட்டடத்துலேருந்து சில சாமான் எடுத்துக்கிட்டா... உங்களுக்கு ஒண்ணும்...”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இதைப் போயி என்கிட்ட கேக்கறீங்களே! உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்குங்க!”

டாக்டர் உருகிப்போனார். காரில் திரும்பும்போது வழி நெடுக அதே பேச்சு. “பார்த்தியா மனசை! முன்னப் பின்ன பழக்கமில்லை. ‘உங்களுக்கு இல்லாததா’ங்கறாங்க!”

“அது பேச்சுக்குச் சொல்றதுங்க” என்றாள் மனைவி. “நாமகூடத்தான் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட ‘உங்க வீடு மாதிரி’ங்கறோம். அதுக்காக அவங்க பீரோவைத் திறந்துடுவாங்களா?”

அது சரி என்றே டாக்டருக்கும் பட்டது. அதனால் முதல் இரண்டு மாதம் ரொம்ப மரியாதையாக இரண்டு சன்னல், நான்கு கொக்கி, கொஞ்சம் பலகை என்று பொறுக்கி எடுத்தார். சனி ஞாயிறு மட்டும் வந்து வேலை செய்தார். தேக்குக் கதவில் கை வைத்த பிறகுதான் எல்லாம் கைமீறிப் போனது. கிளினிக் வாசலில் ‘டாக்டர் வெளியூர்’ என்று அட்டையை மாட்டிவிட்டு முழு நேரமும் இங்கேயே வந்துவிட்டார்.

அப்படி வந்த முதல் நாள்தான், கதவுக்காக மேஸ்திரி சுவரை இடித்தார். நாலாவது அடியில் வாசலுக்கு மேலே பாரம் தாங்கிக்கொண்டிருந்த நீளக் கல் பட்டென்று இரண்டாக விரிந்தது.

“போச்சு!” என்றார் மேஸ்திரி. “இனிமே இந்த மாதிரிக் கல்லுக்கு எங்க போறது?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். அங்கே வாசலுக்கு மேலே அதே நீளத்தில், அதே தடிமனில், கீறல்கூட இல்லாத ஒரு கல் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கல்லை இறக்கினார்கள். இறக்கித் தள்ளி வைப்பதற்குள் அங்கே முன்சுவர் முழுக்கப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. புழுதி அடங்கியபோது மேஸ்திரியின் மீசை வெள்ளையாக இருந்தது.

டாக்டர் முட்டைக்காரம்மா வீட்டுக்கே ஓடினார். “அம்மா, பெரிய தப்பு நடந்துபோச்சு. எதிர்க் கட்டடத்து முன்சுவர் விழுந்துடுச்சு!”

“அடடா! யாருக்கும் அடி இல்லையே?”

“இல்லை. கல்லெல்லாம்கூட முழுசாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன? அதையே கொண்டாந்து நம்ம மூலை ஓட்டையை அடைச்சுடுங்க.”

“உங்களுக்கு வருத்தமில்லையே?”

“எனக்கு என்னங்க வருத்தம்? நான் யாரு, வருத்தப்பட?”

இப்படி ஒரு தன்னடக்கமா! டாக்டர் திரும்பி வரும்போது பாதையில் குதித்துக் குதித்து வந்தார். ஓட்டை விழுந்த மூலை நாலே நாளில் நிமிர்ந்து நின்றது. மிச்சக் கல்லைத் தரைக்குப் பாவினார்கள். ‘ஆஹா, என்ன தரை! என்ன தரை!’ என்று டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் இப்படியும் அப்படியும் நடந்தார்.

தரை விஷயத்தில் முட்டைக்காரம்மா ஒரு யோசனை சொன்னாள். “கொஞ்சம் சரிவா போடுங்க. கழுவி விட்டா தண்ணி வாசலுக்கு ஓடிடணும்.”

“அருமை!” என்றார் டாக்டர்.

“சன்னல் தாழ்வா இருக்கட்டும். காலை வெயில் உள்ள வரணும், இல்லேன்னா சளி பிடிச்சுக்கும். கம்பி வலை அடிச்சுடுங்க. நரி வரும்.”

“நரியா!”

“சுவரோரமா முழ உயரத்துல நீளமா ஒரு மரம் குடுத்துடுங்க. வரிசையா உட்கார வசதியா இருக்கும்.”

“குழந்தைங்களுக்கு! எனக்குத் தோணவே இல்லை பாருங்க!” டாக்டர் எல்லாவற்றையும் மருந்துச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

“ஆமா, எத்தனை தங்கறாப்பல பண்றீங்க?” என்று கேட்டாள் அவள்.

“பதினொண்ணு. பெருசு ஆறு, சின்னது அஞ்சு.”

“இவ்வளவு இடத்துக்குப் பதினொண்ணா? தாராளமா இருநூறு விடலாமே!”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். என்ன நகைச்சுவை உணர்வு இந்த அம்மாவுக்கு என்று மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அடுத்த சிக்கல் மேலேயிருந்து வந்தது. முன்சுவர் போனதால் எதிர்க் கட்டடத்தின் கூரை அந்தரத்தில் தொங்கியது. “காத்தடிச்சா மொத்தமா விழுந்து ஓடெல்லாம் தூளாயிடும் சார். அதுக்கு முன்னாடி இறக்கிடறதுதான் அதுக்கு நல்லது” என்றார் மேஸ்திரி. அதுக்கு நல்லது என்ற பிறகு டாக்டரால் எப்படி மறுக்க முடியும்? உத்தரம், சட்டம், ஓடு எல்லாம் இறங்கிப் பாதையைக் கடந்து இந்தப் பக்கம் ஏறின.

ஏறின பிறகுதான் தெரிந்தது, உத்தரங்கள் இரண்டு முழம் நீளம். வாசலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

“அறுத்துடவா?”

“அறுக்கற பேச்சே பேசாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? அது நீட்டிக்கிட்டு நிக்கட்டும். கீழே தூண் குடுங்க. தாழ்வாரம் ஆயிடும்! மேஸ்திரி, தாழ்வாரம்! நான் கேக்கவேயில்லை, அதுவா வந்துடுச்சு!”

“தூணுக்கு எங்க போறது?” என்று மேஸ்திரி கேட்கவில்லை. நேராக எதிர்ப்பக்கம் போனார். உள்ளே நின்ற இரண்டு தூணையும் பெயர்த்ததும் பின்சுவரும் பக்கச் சுவர்களும் மரியாதையாகப் படுத்துக்கொண்டன.

அன்று மனைவி வந்திருந்தாள். இந்தப் பக்கம் பார்த்து வாயைப் பிளந்தாள். அந்தப் பக்கம் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “என்னங்க இது! ஒரு கதவு எடுக்கறேன்னு சொல்லி ஒரு கட்டடத்தையே எடுத்துட்டீங்களே! அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லலையா?”

“சொன்னாங்க. ‘உங்களுக்கு இல்லாததா’ன்னு சொன்னாங்க.”

“எனக்கு என்னமோ பயமா இருக்கு. யாராவது சும்மா குடுப்பாங்களா? என் முன்னாடி இன்னொரு தரம் கேளுங்க.”

கேட்டார். முட்டைக்காரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “எத்தனை தடவைங்க கேப்பீங்க? எடுத்துக்குங்க, எடுத்துக்குங்கன்னு நானும் தலையால அடிச்சுக்கறேன்! அதோ, அந்தத் தண்ணித் தொட்டி ஒண்ணு பாக்கி நிக்குது. அதையும்தான் கொண்டாந்து வாசல்ல வைங்களேன். குடிக்கத் தண்ணி வேணாமா?”

தொட்டியும் வந்தது. மனைவியும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாள். பக்கத்தில் இப்படி ஒரு ஆத்மா இருக்கும்போது தான் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

“டேய், எங்கடா இருக்கு உன் மாளிகை? இடது பக்கம் வெறும் மண்தரையா இருக்கே!”

“அத்தான் பழைய ரோட்டு வழியா வந்துட்டாராக்கா? அப்ப எதிர்முனையிலேருந்து வர்றே, வலது பக்கம் பாரு!”

“புதுப் பாலத்தை இவர் நம்பமாட்டாராம். மூணு வருஷம் நிக்கட்டும், அப்புறம் ஏறறேங்கறார்.”

அக்கா காரை விட்டு இறங்கினாள். தாழ்வாரத்தைப் பார்த்தாள். தேக்குக் கதவைத் தடவினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகக் கதவின் கீலுக்குப் போய்க் குனிந்தாள்.

“இந்த ஆணி?”

“எதிர்க் கட்டடத்து ஆணிக்கா. பல் பிடுங்கற குறட்டாலதான் பிடுங்கினேன். மயக்க ஊசி ஒண்ணுதான் போடலை.”

அக்கா எல்லா ஆணியையும் பார்த்தாள். ஒன்றுகூடப் புதுசில்லை. அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அப்போது பார்த்துச் சின்னவன் வந்து இறங்கினான், சிரிப்பு உள்ளே போய்விட்டது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள். ஐந்து பேரும் சுவரோர மரத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். தொட்டியில் இறங்கினார்கள். பிறகு பரணுக்கு ஏணியைக் கண்டுபிடித்து ஏறிவிட்டார்கள். மேலேயிருந்து, “மாமா! இங்கே படுத்தா வயல் முழுக்கத் தெரியுது!” என்று கத்தினார்கள்.

“பரண் எனக்கு” என்றான் சின்னவன் சட்டென்று.

“ஏன், மேல படுத்து நீ விடற குறட்டைக்கு ஓடு நிக்குமாடா?” என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு! சின்னவன் அவளைப் பார்த்தான். “உன் குறட்டையைவிடவாக்கா? அப்பா கடிகாரம் நின்னதே அதைக் கேட்டுத்தானே!”

அக்கா சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காருக்குப் போய், போர்வையில் சுற்றின ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் கடிகாரம்.

“வித்துடலாம்னு முடிவானா இதையும் இவன் தலையில கட்டிட்டு ஒரேயடியாக் கைகழுவிடலாம்னு கொண்டாந்தேன்” என்றாள். “இந்தாடா, நீயே மாட்டு. சாவியும் நீயே குடு.”

சின்னவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பழைய ஆணி ஒன்றில் கடிகாரத்தை மாட்டினான். அது ஓடவில்லை. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

“விக்கறதில்லை” என்றாள் அக்கா. “இனிமே ஒவ்வொரு லீவுக்கும் எல்லாரும் இங்கேதான். யாராவது வரலைன்னு சொல்லிப் பாருங்க, இருக்கு!”

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தொடங்கின ஒரு காரியத்தை முடித்துவிட்டார்! ஐம்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை!

வெளியே மொபெட் சத்தம் கேட்டது. முட்டைக்காரம்மா பளிச்சென்று புடவை கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பின்னாலேயே ஒரு சரக்கு ஆட்டோ. அதில் கூடை கூடையாகக் கோழிகள், ஒரே கொக்கரிப்பு.

“ஐயையோ, இத்தனை எதுக்கும்மா? ரெண்டு முட்டை போதாதா?” என்று எழுந்து ஓடினார் டாக்டர். “அக்கா! சின்னவா! இங்கே வாங்க. இவங்கதான் நான் சொன்ன அம்மா. இவங்க இல்லேன்னா இந்த வீடே இல்லை.”

முட்டைக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். சரிவான தரை, தாழ்வான சன்னல், கம்பி வலை, சுவரோர மரம். எல்லாம் அவள் சொன்னபடி. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மூணு பேரும் வந்துட்டீங்களா? மவராசனா இருங்க.”

அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்கதாம்மா மவராசி. எங்களுக்காக உங்க கட்டடத்தையே பிரிச்சுக் குடுத்திருக்கீங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?”

முட்டைக்காரம்மா அக்காவைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். எதிரே வெயில் காய்ந்துகொண்டிருந்த மண்தரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, குழப்பத்தோடு சொன்னாள்:

“என் கட்டடம் இதுதாங்க, உங்க அப்பா ட்ராக்டரைப் பின்னால எடுத்து இந்தக் கோழிக் கொட்டகை மூலையை இடிச்ச அன்னிக்கு, ‘என் புள்ளைங்க மூணு பேரும் சேர்ந்து வந்து கட்டித் தருவாங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு, சொன்ன மாதிரியே கட்டிட்டீங்க, சந்தோஷம்... ஆனா அதுக்காக எதிர்ல முழுசா நின்ன உங்க கட்டடத்தையா பிரிப்பாங்க?”